பதினேழு அடிப் படகில் பார்க்லி சவுண்ட்: சால்மனுக்குப் போகுமுன்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துச் சர்ரேயிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: ஆகஸ்ட் நடுவில் நான்கு நாள் விடுமுறை. 17 அடி அலுமினியப் படகு, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், ஆட்கள் மூவர். பிரேசர் ஆற்று முகத்திலும் ஜார்ஜியா நீரிணையிலும் ஓட்டிப் பழக்கம், வெளிக்கடல் புதிது. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் யூக்ளூலெட்டிலிருந்து புறப்பட்டு, லா பெரூஸ் பாங்க் வரை போய்ப் பெரிய சினூக் சால்மன் பிடிக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

முதலில் லா பெரூஸ் பாங்கை மறந்துவிடுங்கள். அது கரையிலிருந்து பல மைல் வெளியே கிடக்கும் கடலடி மேடு. மீன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் இரட்டை மோட்டாரும் ரேடாரும் உள்ள பெரிய படகுகளில் போகிறார்கள். காற்று திரும்பினால் இரண்டு மணி நேரம் அலையை எதிர்த்து ஓடிவர உங்கள் படகுக்கு உடம்பு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் நல்ல செய்தி: ஆகஸ்டில் நீங்கள் வெளியே போக வேண்டியதே இல்லை, மீன் உள்ளே வருகிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். யூக்ளூலெட்டுக்கும் தெற்கே உள்ள பாம்ஃபீல்டுக்கும் இடையில் கடல் அகலமாக உள்ளே புகுந்திருக்கிறது. அதுதான் பார்க்லி சவுண்ட். நடுவில் ப்ரோகன் குரூப் என்ற தீவுக்கூட்டம். அதற்கு வடமேற்கே லௌடன் கால்வாய், தென்கிழக்கே இம்பீரியல் ஈகிள் கால்வாய், பாம்ஃபீல்டை ஒட்டி ட்ரெவர் கால்வாய். உள்முனையிலிருந்து ஆல்பர்னி நீர்க்கால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மலைகளுக்கு நடுவே போய் போர்ட் ஆல்பர்னியில் முடிகிறது. அங்கே சோமாஸ் ஆறு கலக்கிறது. அந்த ஆற்றுத் தொகுதியில்தான் ராபர்ட்சன் க்ரீக் மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. அந்தப் பண்ணையிலிருந்து கடலுக்குப் போய், அலாஸ்கா வரை மேய்ந்து கொழுத்த சினூக்குகள் ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஊர் திரும்புகின்றன. திரும்பும் வழியில் நடுக்கடலில் நீந்துவதில்லை. பாறைக் கரையை உரசிக்கொண்டு வருகின்றன, பாறை இடுக்குகளில் இரைமீனைத் தள்ளி அடித்துத் தின்கின்றன. 30 ராத்தலைத் தாண்டிய சினூக்கை இந்த மாகாணத்தில் ‘டையீ’ என்று மரியாதையாக அழைப்பார்கள். அப்படிப்பட்ட மீன் கரையிலிருந்து கல் எறியும் தொலைவில் நிற்கும்போது எதற்காக வெளியே ஓட வேண்டும்?

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மீன் நிற்கும் இடமும் அலை உடையும் இடமும் ஒன்றே. உங்கள் திட்டம் முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் அமைய வேண்டும்; தூண்டில், இரை, ஆழம் எல்லாம் அதற்குப் பிறகு.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் கோடைக்காலத்துக் காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது. அது கரையோர நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் சத்து அதிகம். அதனால் நுண்ணுயிர், அதனால் ஹெர்ரிங் என்ற சிறு மீன், அதனால் சால்மன். அதே குளிர்ந்த நீர்மீது ஈரக்காற்று நகரும்போது மூடுபனி. ஆகஸ்ட் மாதத்துக்கு அங்கே ‘ஃபாகஸ்ட்’ என்று பட்டப்பெயரே உண்டு. ஆகவே வழக்கமான ஒரு நாள் இப்படி இருக்கும்: விடியற்காலையில் கண்ணாடி போன்ற நீர், ஆனால் பனி மூட்டம், பத்து, பதினொரு மணிக்குப் பனி விலகும், நண்பகலுக்குப் பின் காற்று எழும்பும், மூன்று மணிக்கு லௌடன் கால்வாய் முழுவதும் வெள்ளை நுரை. ஆல்பர்னி நீர்க்காலில் வெயில் நாளில் பிற்பகல் காற்று இன்னும் மோசம், புனலில் ஊதியதுபோல் மேலேறும். நண்பகலில் படகு கரையில் இருக்க வேண்டும் என்று இப்போதே மூவரும் ஒப்புக்கொள்ளுங்கள். கடலில் வைத்து இதை முடிவு செய்ய முடியாது, அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மீன் கடிக்கும்.

முந்தின இரவும் காலையும் கனடா சுற்றுச்சூழல் துறையின் கடல் வானிலை அறிக்கையில் ‘வான்கூவர் தீவு மேற்குக் கரை, தெற்கு’ என்ற பகுதியைக் கேளுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் வானிலை அலைவரிசை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு லா பெரூஸ் பாங்கில் மிதக்கும் 46206 எண் மிதவையின் அளவீட்டையும் பாருங்கள். அது அலையின் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் விநாடிக் கணக்கில் சொல்லும். பலர் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டு மீட்டர் அலை ஆறு விநாடிக்கு ஒன்றாக வந்தால் உங்கள் படகின் அணியம் குத்திக் குத்தி எழும், அன்றைக்குப் போகாதீர்கள். அதே இரண்டு மீட்டர் பதினான்கு விநாடிக்கு ஒன்றாக வந்தால், ஆழமான இடத்தில் தொட்டில்போல் ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். தெரியாதவர் இதை நம்பித்தான் ஏமாறுவார். நீண்ட இடைவெளி அலையின் வலு ஆழத்தில் தெரியாது. எங்கள் ஊரில் ‘பார்’ என்போமே, அந்தக் கடலடிப் பாறைத்திட்டை அடைந்ததும் திடீரென எழுந்து உடையும். பத்து நிமிடம் அமைதியாகக் கிடந்த அதே பாறைமீது பதினோராவது நிமிடம் வீட்டுயரத்துக்கு வெள்ளை எழும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

2015 அக்டோபர் 25 அன்று டோஃபினோவுக்கு அருகே, ப்ளோவர் ரீஃப்ஸ் பாறைகளை ஒட்டி நின்ற ‘லெவயதன் 2’ என்ற திமிங்கிலச் சுற்றுலாப் படகை இப்படி உடைந்த அலைதான் கவிழ்த்தது. அதில் 27 பேர் இருந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அது உங்கள் படகைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீளம், ஓட்டியவர் அனுபவசாலி. தண்ணீரில் கிடந்தவர்கள் சுட்ட ஓர் ஒளிக்குண்டைக் கண்ட அஹௌஸட் பழங்குடி மீனவர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒளிக்குண்டைப் படகின் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் உடம்பில் இருக்கட்டும், ரேடியோவும் அப்படியே.

அப்படியானால் எங்கே இறங்குவது? யூக்ளூலெட் என்ற பெயருக்குப் பாதுகாப்பான துறை என்று பொருள் சொல்வார்கள். துறைக்குள் அது உண்மை. துறை வாயைத் தாண்டியதும் திறந்த கடலின் அலை நேராக வந்து முகத்தில் அடிக்கும். சின்னப் படகுக்காரருக்கு நான் சொல்வது டோக்வார்ட் விரிகுடா. நெடுஞ்சாலை 4-இல் கென்னடி ஏரியைத் தொட்டதும் பிரியும் சரளைக்கல் சாலையில் போனால், டோக்வாட் பழங்குடி மக்கள் நடத்தும் முகாமிடமும் படகு இறங்குதளமும் வரும். அங்கே இறங்கினால் ப்ரோகன் குரூப் தீவுகள் உங்களுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே மதில்போல் நிற்கும். சரளைச் சாலையில் டிரெய்லரை மெதுவாக ஓட்டுங்கள். சக்கர பேரிங்குக்குப் புறப்படுமுன் கிரீஸ் வையுங்கள், டிரெய்லருக்கு மாற்றுச் சக்கரம் ஒன்று கட்டாயம். போர்ட் ஆல்பர்னியிலிருந்து மேற்கே உள்ள வழி முழுவதும் வளைவு. தீவுக்குக் கடக்கும் ட்சவாசன்–டூக் பாயிண்ட் ஃபெரிக்கு டிரெய்லரோடு சேர்த்து மொத்த நீளத்தைச் சொல்லி முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆகஸ்டில் வரிசையில் நின்று இடம் பிடிப்பது தலைவலி.

முதல் நாள் மீன் பிடிக்காதீர்கள். ஏமாற்றமாகத்தான் இருக்கும். அன்றைக்குத் தெளிவான வெளிச்சத்தில் தீவுகளுக்கு இடையே மெதுவாக ஓடி, போகிற தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். மறுநாள் பனியில் அந்தத் தடத்தின்மீதே திரும்பி வரலாம். கனடா நீரியல் துறையின் 3671 எண் வரைபடம் பார்க்லி சவுண்டுக்கானது. காகிதத்தில் ஒரு பிரதி வாங்கி, பாறைமீன் பாதுகாப்புப் பகுதிகளின் எல்லைகளைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் சால்மனுக்காகக்கூட தூண்டில் இழுக்கக் கூடாது. தெரியாமல் நுழைந்தேன் என்று சொன்னாலும் அபராதம் அபராதம்தான்.

காகித வரைபடம் எதற்கு என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் மைத்துனரும் எஃபிங்கம் தீவுக்கு வெளியே இருந்தோம். ஒன்பது மணிக்குப் பனி இறங்கியது. படகின் முனை தெரிகிறது, அதற்கு அப்பால் பால். கைபேசியில்தான் வரைபடம் வைத்திருந்தோம். குளிரில் மின்கலம் படுத்துவிட்டது. திசைகாட்டியை நம்பிப் பதினைந்து நிமிடம் ஓட்டினோம். அப்போது ஒரு நாற்றம் வந்தது, அழுகிய மீனும் மாட்டுத் தொழுவமும் கலந்ததுபோல. கடற்சிங்கங்கள். அடுத்து அவற்றின் குரைப்பு, அதற்கும் கீழே, காதால் கேட்பதற்கு முன் நெஞ்சில் உணர்கிற ‘தொம்’ என்ற அதிர்வு. பாறையில் அலை அடிக்கும் ஒலி, எதிரிலேயே. மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி விலகினோம். ஆழமானி 60 அடிக்கு மேல் காட்டும் இடத்தில் நின்று, ஊதுகுழலை ஊதிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகுதான் கண்டுபிடித்தேன்: ரேடியோவின் ஒலிபெருக்கியை நான் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தேன், அதன் காந்தம் முள்ளை இழுத்து வைத்திருந்தது. வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கலாம். நீங்கள் புறப்படுமுன் திசைகாட்டியையும் ஜிபிஎஸ்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ரேடியோ ஓடும்போதும் ஓடாதபோதும்.

படகைப் பொறுத்தவரை எரிபொருள் கணக்கைத் தாளில் போடுங்கள். 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் பயண வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 14 லிட்டர் குடிக்கும். போகவர 30 கிலோமீட்டரும், ஐந்து மணி நேரம் மெதுவாகத் தூண்டில் இழுப்பதும் சேர்ந்தால் 30 லிட்டர் ஆகலாம். நீங்கள் 60 எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க என்பது பழைய கணக்கு. காற்றுக்கு எதிரே வரும்போது செலவு கூடுமே தவிரக் குறையாது. 9.9 குதிரைத்திறனில் ஒரு சின்ன மோட்டார் பக்கத்தில் இருந்தால் இரட்டைப் பயன்: பெரிய மோட்டார் நின்றால் அது வீடு சேர்க்கும், தூண்டில் இழுக்கும் வேகத்துக்கும் அதுதான் சரி. அதற்குத் தனி எரிபொருள் கலன் வையுங்கள். ஒரே கலனில் தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

மிதவை அங்கி படகில் இருப்பது போதாது, உடம்பில் இருக்க வேண்டும். அந்த நீரில் விழுந்தால் நடப்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1–10–1 என்று சுருக்கினார்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி அசையப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். அங்கி இல்லாதவர் அந்தப் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடுவார். விழுந்தவர் ஏறிவர ஓர் ஏணியும் வேண்டும். நனைந்த ஆளைப் பக்கவாட்டில் தூக்கி உள்ளே போட இருவரால் முடியாது, முயன்றால் படகு சாயும். கரையில் ஒருவரிடம் புறப்பட்ட இடம், போகும் தீவு, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஆபத்துக்கு ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை. தீவுகளுக்குள் பல இடங்களில் கைபேசி எடுக்காது.

காகித வேலை சுருக்கமானது. படகோட்டி அட்டை, ரேடியோ இயக்கச் சான்று, 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டாருக்குப் படகு உரிமம். ஒவ்வொருவருக்கும் மீன்வளத் துறையின் கடல்நீர் மீன்பிடி உரிமம், அதன்மேல் சால்மன் முத்திரை. முத்திரை இல்லாமல் சால்மனை வைத்துக்கொள்ள முடியாது. உரிம ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. மீன்வளத் துறையின் கணக்கில் பார்க்லி சவுண்ட் என்பது 23-ஆம் பகுதி. அதற்கான அளவும் எண்ணிக்கையும் பருவத்தின் நடுவிலேயே மாறும், ஆகவே போன ஆண்டு நண்பர் சொன்னதை நம்பாமல் புறப்படும் நாளுக்கு முந்தின இரவு அறிவிப்பைப் படியுங்கள். சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் மட்டுமே. கடையில் முள்ளோடு வாங்கியதைக் குறட்டால் நசுக்கிவிட்டால் போதும். நசுக்கிய இடம் பஞ்சில் மாட்டாமல் வர வேண்டும். வைத்துக்கொள்ளும் சினூக்கைப் பிடித்த உடனே உரிமத்தில் பதிய வேண்டும். கரைக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்பது குற்றம்.

இப்போது மீனுக்கு வருவோம். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் ப்ரோகன் குரூப்பின் கிழக்கு விளிம்பில் உள்ள ஸ்வேல் ராக். அது தீவுகளின் மறைவில் இருக்கிறது, அதனால் காலையில் படகுகள் நெரியும். நெரிசலைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள், நீங்களும் அதே சுற்றில் சேருங்கள். மிக அமைதியான நாளில் மட்டும் எஃபிங்கம் தீவின் மியர்ஸ் பிளஃப் வரை போகலாம். வெளி விளிம்பில் இருக்கும் க்ரீ தீவு, ஆஸ்டின் தீவு பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பயணத்தில் அவற்றைத் தொலைவிலிருந்து பாருங்கள்.

உத்தி எளியது. தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் என்ற கருவியின் கம்பியில் 12 ராத்தல் ஈயக்குண்டு, தங்கூசியைப் பிடித்திருக்கும் கவ்வி, பளபளக்கும் ஃப்ளாஷர் தகடு, அதன் பின்னால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நரம்பில் இரை. இரைக்கு நான் நெத்தலியை விரும்புகிறேன். நம் ஊர் நெத்தலி இல்லை, கையளவு நீளம். முந்தின இரவே கல்லுப்பில் போட்டு வைத்தால் உடம்பு இறுகும், செதில் கொட்டாது. பிளாஸ்டிக் தலைக்கூட்டில் மீனின் தலையைச் செருகி, பக்கத் துளைவழியே பல்குச்சி ஒன்றைக் குத்தி நிறுத்துவார்கள். பிறகு கம்பியைச் சற்றே வளைத்து, படகின் பக்கத்தில் நீரில் விட்டு இழுத்துப் பாருங்கள். அடிபட்ட மீன் புரள்வதுபோல் நெருக்கமாகச் சுழல வேண்டும். பெரிய வட்டமடித்தால் வளைவு அதிகம். சுழலாமல் வந்தால் வளைவு போதாது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரையை இறக்கிவிட்டு, மீனே இல்லை என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

வேகம் இரண்டிலிருந்து மூன்று நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். விடியலில் 30 முதல் 60 அடி ஆழம். வெயில் ஏற ஏற இறக்குங்கள். ஏற்றம் வற்றமாகத் திரும்பும் அரைமணி நேரத்தைத் தவறவிடாதீர்கள்; டோஃபினோவின் ஓத அட்டவணையை வைத்துக் கணக்கிடலாம். டவுன்ரிக்கரின் பிரேக்கை இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். பாறையில் குண்டு சிக்கும்போது அலையும் தூக்கினால் கம்பி படகின் பின்பக்கத்தை நீருக்குள் இழுக்கும். நழுவ விட்டால் போவது ஒரு ஈயக்குண்டு. கம்பி வெட்டும் குறடும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மீன் எடுத்தால் தூண்டிற்கோல் முதலில் தலையாட்டும், கவ்வி விடும்போது விண்ணென்று நிமிரும், பிறகு ரீல் அலறும். உள்ளூர்க்காரர்களின் ஒற்றைச்சுழல் ரீலைப் பயன்படுத்தினால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். அது சுழலும் வேகத்தில் விரல் மூட்டை உடைக்கும், பெயரே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கோல், ஒருவர் மற்றக் கம்பிகளை மேலே இழுப்பது, ஒருவர் படகை ஆழத்தின் பக்கம் திருப்புவது. இதைக் கரையிலேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள். மூவரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் படகு பாறையைப் பார்த்துப் போகும். வலையை மீனின் பின்னால் துரத்தாதீர்கள். நீரில் அசையாமல் பிடியுங்கள், தலையை அதற்குள் வழிநடத்துங்கள்.

வைத்துக்கொள்ளலாமா என்று தெரியாத மீனை வலைக்குள்ளேயே எடுக்காதீர்கள். நீரில் வைத்தே வாயைப் பாருங்கள்: கீழ்த்தாடையின் ஈறு கறுப்பாகவும், வாலின் இரு மடலிலும் புள்ளிகளும் இருந்தால் சினூக். ஈறு வெளுத்து, புள்ளிகள் மேல்மடலில் மட்டும் இருந்தால் கோஹோ என்ற வேறு சால்மன் இனம். பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். சினூக்குக்கென்று ஒரு காரமான வாடை உண்டு, கையுறையில் ஒட்டினால் ஒரு வாரம் போகாது.

எடுத்த மீனை உடனே மண்டையில் அடித்து, செவுளை அறுத்து, வாளிக் கடல்நீரில் தலைகீழாகப் பத்து நிமிடம் விடுங்கள். இரத்தம் வடிந்த மீனும் வடியாத மீனும் அடுத்த நாள் சமையலில் வேறு வேறு மீன்கள். குடலை நீக்கி வயிற்றுக்குள் ஐஸ் அடையுங்கள். மேலே கொட்டினால் மட்டும் போதாது. மீனின் எடையளவுக்கு ஐஸ் என்று கணக்கு வைத்து, போர்ட் ஆல்பர்னியிலேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது என்ன இனம், எத்தனை மீன் என்று அதிகாரி பார்த்ததும் தெரிய வேண்டும், ஆகவே முகாமில் துண்டு துண்டாக வெட்டிப் பைகளில் கலந்துவிடாதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் ஆசை இருந்தால் பொறுத்திருங்கள்: காட்டுச் சால்மனில் புழு இருக்கும், மைனஸ் 20 பாகை செல்சியஸில் ஏழு நாள் உறையவைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும்.

கடைசியாகத் தலை. முதுகில் வாலுக்குச் சற்று முன்னே இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது மீன்குஞ்சுப் பண்ணையிலிருந்து விடப்பட்ட மீன். அதன் மூக்குக் குருத்தெலும்பில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பி இருக்கக்கூடும். எந்தப் பண்ணை, எந்த ஆண்டு என்று அதைப் படித்துத்தான் அடுத்த ஆண்டுக்கான அளவைக் கணிக்கிறார்கள். அந்தத் தலைகளைப் பிடித்த இடமும் நாளும் எழுதி, கரையில் வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் கொடுத்துவிடுங்கள். துடுப்பு முழுதாக இருக்கும் மீன்களின் தலை உங்களுக்கே. புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரையுங்கள், சினூக் தலையில் எண்ணெய் அதிகம்.